இரண்டு பூட்டு வீட்டின் மூடியில்லாத் தொட்டி

அனுப்புநர்:
கிடங்குப் பெரியவர் (தெருவில் அழைக்கும் பெயர்),
முன்னாள் சுமை தூக்கும் தொழிலாளி,
பின்சந்து, கடைசிக்கு முந்தின வீடு.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டை ஒட்டிய பூட்டிய வீட்டில், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியில் கொசு உற்பத்தியாவதை நிறுத்தக் கோருதல் – காய்ச்சலில் இருந்து தேறிவரும் என் கர்ப்பிணி மகள் வரும் வெள்ளிக்கிழமை வீடு திரும்புவதற்குள் நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே விஷயமாக நான் இரண்டாம் தடவையும் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து வாய்மொழியாகச் சொன்னதும், "எழுதிக் குடுங்க பெரியவரே" என்று திருப்பி அனுப்பப்பட்டதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தருபவர், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறார். எழுத்து அவருடையது, விஷயம் என்னுடையது. தானியக் கிடங்கில் மூட்டை சுமந்து பிழைத்தவன் நான். எந்த மூட்டை யாருடையது என்று மேலே எழுதியிருப்பதைப் படிக்க முடியாதவன் என்பதால், கண்டதையும் கேட்டதையும் மனதில் வைத்தே வேலை பார்த்துப் பழகியவன். ஆகையால் கீழே சொல்லியிருப்பதில் கூட்டிச் சொன்னதும் இல்லை, விட்டுப் போனதும் இல்லை.

2. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, சந்தின் கடைசி வீடு, காலஞ்சென்ற கொத்து மேஸ்திரி ஒருவருடையது. தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் கைதேர்ந்தவர். தம் வீட்டு முற்றத்திலும் மார்பளவு உயரத்தில் ஒரு பெரிய தொட்டி கட்டிக்கொண்டார். அதற்குக் கனமான இரும்பு மூடி ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்தார். அந்த மூடியைப் பட்டறையிலிருந்து தலையில் சுமந்து வந்து தொட்டியின் மேல் வைத்தவன் நான்தான். வாய்க்கும் மூடிக்கும் நடுவில் விரல் நுழையாதபடி அது பொருந்தியது. மேஸ்திரி இருந்தவரை அது திறந்து கிடந்து நான் பார்த்ததில்லை.

3. மேஸ்திரிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். இளையவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தகப்பனார் போனதும் சொத்துத் தகராறு வந்து, வழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. வழக்கு முடியும் வரை யாரும் தனியாக உள்ளே போகக்கூடாது என்று, வெளிக் கேட்டில் மூத்தவர் ஒரு பூட்டும், அதன் பக்கத்திலேயே இளையவர் ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். இவர் சாவியால் அவர் பூட்டு திறக்காது. இருவரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால்தான் கேட் திறக்கும். அவர்கள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நிற்பது நீதிமன்றத்தில் மட்டும்தான்.

4. பூட்டுவதற்கு முன்பு, எடுத்துப் போகக்கூடிய பொருள்களை மட்டும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பீரோ மூத்தவருக்கு, கட்டில் இளையவருக்கு என்று போனது. தொட்டி தரையோடு கட்டியது, அதைத் தூக்க முடியாது, அது வழக்கில் இருக்கிறது. மூடியைத் தூக்க முடியும் என்பதால் அது பங்குக்கு வந்து, இளையவர் பக்கம் விழுந்தது. இப்போது அது அவருடைய சைக்கிள் கடை வாசலில், வண்டியைத் தெருவிலிருந்து உள்ளே ஏற்றச் சரிவுப் பலகையாகக் கிடக்கிறது. தொட்டி வாய் திறந்து கிடக்கிறது. "இதெல்லாம் மனுவுல வேணுமா பெரியவரே?" என்று எழுதுபவர் கேட்கிறார். வேண்டும். தொட்டியை மூடாமல் விட்டது மறதி அல்ல, மூடி பங்காகப் போனது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

5. தொட்டிக்கு மேல் தகரக் கூரைச் சரிவு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீர் அதில் வழிந்து நேரே தொட்டிக்குள் விழுகிறது. வெயில் உள்ளே போக அதே தகரம் விடுவதில்லை. ஆகவே தண்ணீர் வற்றுவதே இல்லை. எங்கள் மொட்டை மாடி விளிம்பில் குனிந்து பார்த்தால் தொட்டியின் ஒரு ஓரம் மட்டும் தெரியும். அந்த ஓரத்தில், நூல் துண்டுகளைக் கத்தரித்துப் போட்டது போல, புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வருவதையும் கீழே போவதையும் நானே கண்டேன். அங்கிருந்து மருந்து ஊற்றலாம் என்றால் தகரம் மறைக்கிறது. சுவர் ஏறிக் குதிக்கவும் முயன்றேன். அதற்கு மூத்தவர், நான் எதையோ எடுத்துப் போக வந்ததாகக் காவல் நிலையத்தில் சொல்லி, காவலர் வந்து "இந்த வயசுல சுவர் ஏறுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று சந்தே கேட்கும்படி கேட்டுவிட்டுப் போனார். அதுவும் ஆயிற்று.

6. எங்கள் பக்கம் குறை இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் அலுவலகத்துக் கொசு ஒழிப்புப் பணியாளர் அம்மா சொன்ன எல்லாவற்றையும் செய்தோம். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் டிரம்மில் பிடித்து வைக்காமல் எங்களால் இருக்க முடியாது. என் மகள் தையல் வேலை செய்பவள். வெட்டுத் துணியில் ஓரமெல்லாம் எலாஸ்டிக் வைத்து, டிரம் வாயைக் கவ்விப் பிடிக்கும் உறை தைத்தாள். எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, சந்தில் கேட்டவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தாள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னபடி, வாரம் தவறாமல் டிரம்மைச் சாய்த்து நான் தேய்க்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, பூந்தொட்டிக்குக் கீழ்த் தட்டு, ஓட்டை வாளி, மாடியில் கிடந்த டயர், ஒன்றையும் விடவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்தோம். பணியாளர் அம்மா வந்து விளக்கடித்துப் பார்த்து, "உங்க வீட்டைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்" என்று சொல்லி, கதவில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுவிட்டுப் போனார். அந்தக் குறி இன்னும் அழியவில்லை. அதைத் தாண்டித்தான் என் மகளை வெளியே தூக்கிப் போனோம்.

7. இந்தக் கொசு இரவில் வரும் கொசு அல்ல. காலில் வெள்ளை வரி போட்டது, பகலில் கடிப்பது. என் மகள் பகல் முழுவதும் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள். மேசைக்கு அடியில் நிழல், அந்த நிழலில் அவள் கால். கணுக்காலைச் சுற்றிச் சுற்றிக் கடித்திருந்தது. மிதித்துக்கொண்டே ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்ப்பாள். "அப்பா, பக்கத்து வீட்டு ஆளுங்க வந்துட்டாங்க" என்று சிரிப்பாள். நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

8. காய்ச்சல் வந்தபோது அவளுக்கு நிறைமாதத்துக்குச் சற்று முன். மருமகன் லாரி ஓட்டுபவர், வெளியூரில் இருந்தார். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள், எலும்பெல்லாம் முறித்துப் போட்டது போல இருக்கிறது என்றாள். மருத்துவமனையில் இரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் இரத்த அணு இறங்கிவிட்டது என்று சொன்னார்களே தவிர, ஏறியது என்று வெகு நாள் வரை யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் செவிலியர் ஒருவர் வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைத் தேடினார். இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார், மறுபடி கீழே கொண்டு போனார். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள், நான் கருவியைப் பார்த்தேன். பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. அந்த நேரம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஞாபகம் என்று நான் பெருமையாகச் சொன்னதில் அது ஒன்றுக்கு அளவு இல்லை.

9. இறையருளாலும் மருத்துவர்கள் கவனிப்பாலும் மகள் தேறிவிட்டாள். பிள்ளையும் நலம் என்கிறார்கள். ஆனால் மருத்துவர் அம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதை அப்படியே இங்கே எழுதச் சொல்கிறேன்: "பெரியவரே, இந்தக் காய்ச்சல்ல நாலு வகை இருக்கு. இப்ப வந்தது திரும்ப வராது. மத்த மூணும் வரலாம். இரண்டாவது தடவை வந்தா, இந்தத் தடவை மாதிரி இருக்கும்னு நினைக்காதீங்க. வயித்துல பிள்ளையோட இன்னொரு தடவை அவங்களைக் கொசு கடிக்க விட்டுடாதீங்க." கடிக்க விடாதீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டார். கொசுவோ என் வீட்டில் பிறப்பதில்லை.

10. ஆகவே முதலில் மூத்தவரிடம் போனேன். கடையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல மாமா. அவனை முதல்ல பூட்டைத் திறக்கச் சொல்லுங்க, அடுத்த நிமிஷம் நான் திறக்கறேன்" என்றார். இளையவரிடம் போனேன். "அண்ணன் முதல்ல திறக்கட்டும் மாமா. நான் முதல்ல திறந்தா, வீட்டை நான் கைப்பத்தப் பார்த்தேன்னு கோர்ட்டுல சொல்லுவாரு" என்றார். மூடியையாவது கொடுங்கள் என்றேன். "மூடியைக் குடுத்தா என் பங்கை நானே விட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும்னு வக்கீல் சொல்றாரு" என்று, அந்த மூடியின் மேலேயே நின்றுகொண்டு சொன்னார். இரண்டு பேரும் சின்ன வயதில் அந்தத் தொட்டி மேல் உட்கார்ந்து கால் ஆட்டியவர்கள். நான் மாமா என்பது இருவருக்கும் இன்னும் மறக்கவில்லை. அந்தத் தொட்டிதான் மறந்துவிட்டது.

11. அடுத்து, முதல் தடவையாகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தங்கள் சுகாதார ஆய்வாளர் நல்ல மனிதர். மறுநாளே நோட்டீசோடு வந்தார். வீட்டை அனுபவித்து வருபவர் யாரோ அவர் பெயர் எழுதி, அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். ஐயா, எங்கள் சந்தில் நோட்டீசைப் பார்த்தால் ஆள் பின்வாசல் வழியாக ஓடுவதைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். அன்று நடந்தது வேறு. செய்தி தெரிந்து மூத்தவர் ஸ்கூட்டரில் வந்து, "என் பேர்ல எழுதுங்க சார், நான்தான் மூத்தவன்" என்று கையை நீட்டினார். பின்னாலேயே இளையவர் வந்து, "வீட்டைக் கவனிச்சுக்கிறது நான், என் பேர்ல எழுதுங்க சார்" என்று கையை நீட்டினார். அனுபவித்து வருபவர் என்று அரசாங்கத் தாளில் தன் பெயர் வந்துவிட்டால், அதை நீதிமன்றத்தில் காட்டலாம் என்று இரண்டு பேருடைய வக்கீலும் சொல்லியிருக்கிறார்கள். கொசு வளர்த்த குற்றத்துக்குத் தன் பெயரைப் போடச் சொல்லி அண்ணனும் தம்பியும் கேட்டுக்கு முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு சாவியும் இரண்டு பேருடைய பையிலும் அங்கேதான் இருந்தன. "முதல்ல திறங்கப்பா, அப்புறம் அடிச்சுக்கோங்க" என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஆய்வாளர் நோட்டீசை மடித்துப் பைக்குள் வைத்தார். "யார் உரிமையாளர்னு கோர்ட்டு சொன்னப்புறம்தான் பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனார். கோர்ட்டு சொல்லும்போது என் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், பிறந்து உயிரோடு இருந்தால்.

12. அதன் பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து கொசுப் புகை அடிக்கும் வண்டி ஒன்று சந்துக்கு வந்தது. அதற்கு நன்றி. ஆனால் புகை தெருவோடு போனது. தொட்டியில் உள்ள புழுவுக்குப் புகை ஒன்றும் செய்யாது என்று பணியாளர் அம்மாவே சொல்கிறார். சில நாளில் மறுபடியும் பறக்கத் தொடங்கிவிட்டன. மகள் இல்லாத வீட்டில் அவளுடைய மெஷினுக்கு முன்னால் நான் உட்கார்ந்து பார்த்தேன். என் கிழட்டுக் காலைக்கூட விடவில்லை.

13. ஐயா, இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இன்னும் சில நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவள் படுக்கைக்கு வாசலில் ஆள் காத்திருக்கிறது என்றார்கள். அதுவும் நியாயம்தான், காத்திருப்பவளும் யாரோ பெற்ற பெண். வேறு வீடு பார்க்கலாம் என்றால் நிறைமாதக்காரியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? கொசு வலை வாங்கிக் கட்டிலில் கட்டியிருக்கிறேன். பகலெல்லாம் அவளை வலைக்குள்ளேயே அடைத்து வைக்க முடியுமா? கழிப்பறைக்குப் போக மாட்டாளா? தண்ணீர் குடிக்க எழுந்து வர மாட்டாளா? ஒரே ஒரு கடி போதும் என்கிறார் மருத்துவர்.

14. எனவே என் கோரிக்கை இது. நோட்டீஸ் கொடுக்கப் பெயர் இல்லை என்பதுதான் தங்கள் அலுவலகத்துக்குத் தடை என்றால், என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம் ஐயா, யோசித்துத்தான் சொல்கிறேன். அந்த வீட்டில் ஒரு செங்கல் மேலும் எனக்குப் பாத்தியதை இல்லை, நாளை கேட்கவும் மாட்டேன் என்று எந்தத் தாளிலும் விரல் வைக்கத் தயார். ஆனால் அந்தத் தண்ணீரில் எனக்குப் பங்கு உண்டு. அதில் பிறந்ததெல்லாம் எங்கள் வீட்டு இரத்தத்தைக் குடித்துத்தான் வளர்கிறது. ஆகவே தொட்டித் தண்ணீரை அனுபவித்து வருபவர் என்று எழுதி, என் பெயருக்கு நோட்டீஸ் பிறப்பியுங்கள். அபராதம் உண்டென்றால் அதையும் எனக்கே போடுங்கள். கேட்டில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

15. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆள் ஒருவன் பெயர் அந்த வீட்டுக் கேட்டில் ஏறிவிட்டது என்று தெரிந்த மறு நொடி, அண்ணனும் தம்பியும் வழக்கு ஆரம்பித்த நாளிலிருந்து முதன்முதலாக ஒன்றாகச் சேர்ந்து ஓடி வருவார்கள். என்னைத் திட்டத்தான் வருவார்கள். திட்டட்டும். வரும்போது இரண்டு சாவியும் வரும். அந்த நேரத்தில் தங்கள் ஆய்வாளரும் பணியாளர் அம்மாவும் கேட்டருகில் நின்றால் போதும். கிழவன் தந்திரம் செய்கிறான் என்று தங்களுக்குத் தோன்றினால், ஆம், செய்கிறேன். சுவர் ஏறிப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று, மிச்சம் இருப்பது இதுதான். ஒருவேளை அவர்கள் வராமல் போனால், என் பெயரில் உள்ள அந்த நோட்டீசைக் கொண்டே காவலர் முன்னிலையில் பூட்டைத் திறக்க உத்தரவிட வேண்டுகிறேன். வேலை முடிந்ததும் புதிதாக இரண்டு பூட்டு வாங்கி, ஒவ்வொருவர் பூட்டுக்கும் உள்ள சாவியை அவரவரிடமே சேர்த்துவிடுகிறேன்.

16. உள்ளே தாங்கள் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. தண்ணீரை இறைப்பதும், பாசியைச் சுரண்டுவதும், நார் போட்டு உள்சுவரைத் தேய்ப்பதும் நானே செய்துவிடுவேன். பணியாளர் அம்மா பக்கத்தில் நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மூடியைப் பற்றித் தாங்கள் சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள். பங்கு அவருடையதாகவே இருக்கட்டும், இருக்கும் இடம் மட்டும் தொட்டி வாயாக இருக்கட்டும். கடையிலிருந்து அதைச் சுமந்து வர ஆள் தேட வேண்டாம். எந்தப் பக்கத்தை எப்படித் திருப்பி வைத்தால் அது பொருந்தும் என்று எனக்குத் தெரியும்.

17. வெள்ளிக்கிழமை என் மகளை ஆட்டோவில் கூட்டி வருவேன். சந்துக்குள் நுழையும்போது அவள் முதலில் பார்ப்பது நேர் எதிரே கோடியில் தெரியும் அந்தக் கேட்டைத்தான். அதில் என் பெயர் ஒட்டியிருந்தால் அவளே வாசித்துச் சொல்வாள், அப்போது விவரம் சொல்லிக்கொள்கிறேன். ஒட்டியிருக்கவில்லை என்றால் அவளிடம் என்ன சொல்வது என்று தாங்களே இந்த மனுவின் அடியில் எழுதிக் கொடுங்கள். பதில் வாங்காமல் நான் வீட்டுக்குப் போவதாக இல்லை. இங்கேயே, எழுதுபவரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும்.

தங்கள் கையில் நோட்டீசும் என் கையில் நாரும் தயாராக இருக்கின்றன. நடுவில் இருப்பது ஒரு பெயர் மட்டுமே. அதற்கு என்னுடையதை எடுத்துக்கொள்ளும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: புதன்கிழமை, முற்பகல்
இடம்: தங்கள் அலுவலக வாசல்

இப்படிக்கு,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
கிடங்குப் பெரியவர்

மேற்கண்டவற்றை மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதி, முழுவதும் படித்துக் காட்டினேன். சரி என்று ஒப்புக்கொண்டு என் முன்னிலையில் விரல் ரேகை வைத்தார். நோட்டீசிலும் இதே விரலைத்தான் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, மையைத் துடைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.
— மனு எழுதியவர்